இடப்பக்கம் திறக்கும் கூடு

ஜூன் 2

வாலுக்கு,

நான் சுகம். சைக்கிள் முகாமுக்கு வந்த அன்றே கோச் எல்லாருடைய செல்போனையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் போனில் பேசலாம். அப்போதும் பின்னால் வரிசை நிற்கும், பக்கத்தில் கோச் நிற்பார். அதனால்தான் கடிதம். உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது.

என் ரோடு பைக்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகும் கூடுகள் இரண்டும் போய்விட்டன. இங்கே சுற்றுவட்டாரத்தில் கடை கிடையாது. நம் தெருமுனை சைக்கிள் கடையில் கார்பன் கூடு இரண்டு பார்த்து எடுத்து அனுப்பு. என் பிரேம் சின்னது, பாட்டிலை மேல்நோக்கி உருவ இடம் போதாது. பக்கவாட்டில் உருவுகிற மாதிரிக் கூடுதான் வேண்டும். எடை இருக்கக் கூடாது, பிடி இருக்க வேண்டும். பந்தயப் பாதையில் பாதி தூரம் ரோடே இல்லை, வெறும் ஜல்லி. பாட்டில் எகிறி விழுந்தால் அதோடு என் இடமும் விழும். மாதக் கடைசியில் தேர்வுப் பந்தயம். அதில் முன்னால் வருகிறவர்களுக்குத்தான் அணி.

உன் கைவரிசையைக் காட்டாதே. போன முறை சீட்டுக்கு அடியில் ரப்பர் வாத்தின் பீப்பியை ஒளித்து வைத்தாயே, கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வண்டியையே நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டேன். இந்த முறையும் என் முகத்தில் கரியைப் பூசினால் சும்மா விடமாட்டேன்.

அண்ணன்


ஜூன் 6

சக்கரவர்த்தி அண்ணாவுக்கு,

நீ சுகம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். யாரும் கேட்காமலே சுகம் என்கிறவன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண்.

கரியைப் பூசாதே என்று எழுதிவிட்டு, அதே கடிதத்தில் கரியில் செய்த கூடும் கேட்கிறாய். கார்பன் என்றால் கரிதான், வேதியியல் டீச்சரிடம் கேட்டுக்கொள். சரி, கடைக்குப் போனேன். கடைக்கார மாமா பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். தட்டிப் பார்த்தேன், சோப்பு டப்பா சத்தம்.

"மாமா, இது கார்பனா, கார்பன் காப்பியா?"

"அடிப்பாவி, மெதுவா பேசு. கஸ்டமர் இருக்காங்க" என்று உள்ளே போய் நிஜமானதை எடுத்து வந்தார். கையில் வைத்தால் வைத்த மாதிரியே இல்லை, வீட்டில் என் பேச்சுக்கு இருக்கும் எடைதான் அதற்கும். மாமா ஒரு எச்சரிக்கை வேறு கொடுத்தார். "ஸ்க்ரூவை ரொம்ப இறுக்கிடாதேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு. அலுமினியம்னா அடி பட்டா வளைஞ்சு காட்டிடும். கார்பன் காட்டாது. வெளியில மினுமினுன்னு இருக்கும், உள்ள விரிசல் விட்டிருக்கும்."

அப்புறம் இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது, வலப்பக்கம் திறப்பதா, இடப்பக்கம் திறப்பதா? பக்கவாட்டுக் கூட்டில் இரண்டு வகை உண்டாம். வலது கையால் உருவுகிறவனுக்கு வலம், இடது கைக்கு இடம். நீ வலதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், வாங்கிய பிறகு "வேண்டுமென்றே மாற்றி அனுப்பினாய்" என்று குதிப்பாயே, அதனால் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவதை அப்படியே தருகிறேன்: "பழசு அலுமினியமாச்சே, நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அது எப்படி ரெண்டும் ஒண்ணா போச்சு? வண்டி விழுந்துச்சா?"

போச்சா, விழுந்துச்சா?

வால்


ஜூன் 9

வாலுக்கு,

விழவில்லை. கூடு பழசு, போய்விட்டது. மாமா கூடு விற்கட்டும், ஜோசியம் பார்க்க வேண்டாம்.

இரண்டும் இடப்பக்கம் திறப்பதாக வாங்கு. ஏன் என்று கேட்காதே.

நீ வாங்குவதற்கு முன் இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்டதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பார்சலை அறைத்தோழன் முன்னால்தான் பிரிப்பேன். சாட்சி இருக்கும்.

அண்ணன்


ஜூன் 12

அண்ணா,

ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்கிறேன்.

இடது கையை நீ கடிகாரம் மாட்டும் ஆணியாகத்தான் இதுவரை வைத்திருக்கிறாய். ஒரே ஒருமுறை அந்தக் கையால் பாட்டிலை எடுத்தாய். எதிராளிகளுக்கெல்லாம் தண்ணி காட்டுகிறேன் என்று கிளம்பியவன் அன்றைக்கு உன் காதுக்குத்தான் தண்ணி காட்டினாய். நானே சாட்சி. ஆகவே இந்தக் கூடுகள் உனக்கில்லை.

முகாமில் பெண்கள் அணியும் இருக்கிறது என்று நீ போகும் முன்பே அம்மாவிடம் யதார்த்தமாகச் சொன்னாய். ரொம்ப யதார்த்தமாக. அதில் ஒரு இடக்கைக்காரி இருக்கிறாள். உன் வண்டியின் கூடுகளைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தாய், அவள் கைக்கு அவை தோதுப்படவில்லை, இப்போது கார்பனில் கேட்கிறாய். அண்ணா, நீ கூடு வாங்கவில்லை. கூடு கட்டுகிறாய்!

அண்ணிக்கு எந்த நிறம் பிடிக்கும்? கடையில் கறுப்பு இருக்கிறது. அது பிடிக்காவிட்டால் இன்னொரு கறுப்பும் இருக்கிறது.

வருங்கால நாத்தனார்


ஜூன் 15

வாலுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். சரி, அப்படியே வைத்துக்கொள். வீட்டில் சொல்லாதே. கறுப்பே போதும். சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்


ஜூன் 18

அண்ணா,

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். திட்டு எங்கே?

பக்கத்துத் தெரு டியூஷன் அக்காவைச் சொல்லி உன்னைக் கேலி செய்ததற்கு என் செருப்பை மாடியிலிருந்து வீசியவன் நீ. ஒன்று தெருவில் விழுந்தது, இன்னொன்று இன்றுவரை எங்கே என்று தெரியாது. அப்பேர்ப்பட்டவன், அண்ணி என்று எழுதினால் "சரி, அப்படியே வைத்துக்கொள்" என்கிறாய். பொய்க்குப் பொய் தேடிக்கொண்டிருந்தாய், நான் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினேன், நீ எடுத்துக்கொண்டாய். அதுதானே?

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவிடம் என்ன கேட்டாய்? முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை இரண்டு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? இப்பதான் புள்ளைக்கு ஒழுங்கா டிரஸ் பண்ணணும்னு தோணியிருக்கு."

"அம்மா, அவன் கல்யாண வீட்டுக்கே டீ-ஷர்ட்ல வந்தவன்மா. இப்ப எதுக்குப் பட்டன்?"

"நீ ஒண்ணையும் கிளப்பாதே. பாத்ரூம்ல பாம்புன்னு கத்தி எதிர்வீட்டுக்காரரைக் கட்டையோட ஓடி வர வெச்சவதானே நீ?"

அது ஹோஸ் பைப். நான் கண் மட்டும்தான் வரைந்தேன். அதற்கு நாக்கு முளைத்ததெல்லாம் அவர்கள் பயத்தில். போகட்டும். என் அறைக்குப் போய், வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு டீ-ஷர்ட்டை மாட்டப் பார்த்தேன். தலை உள்ளே, கை வெளியே, சோளக்கொல்லை பொம்மை மாதிரி கதவில் முட்டிக்கொண்டேன். பட்டன் சட்டை சுலபமாக ஏறியது.

நசுங்கிய அலுமினியம், இடப்பக்கக் கூடு, பட்டன் சட்டை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். நீ வலப்பக்கமாக விழுந்திருக்கிறாய். இப்போது உனக்கு இருப்பது வலக்கை இல்லை, வலிக்கை.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. போன வருடம் முழங்கால் தையலை மறைத்தபோது அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "சைக்கிள்னா விழத்தான் செய்வே. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. இன்னொரு தடவை மறைச்சேன்னு தெரிஞ்சா வண்டி இந்த வீட்டுல இருக்காது." அப்பா கோபத்தில் சொன்னதைச் செய்யமாட்டார். நிதானமாகச் சொன்னதைச் செய்துவிடுவார். அன்றைக்கு அவர் நிதானமாக இருந்தார்.

நிஜத்தை எழுது. இல்லாவிட்டால் கூடு வராது.

இந்த முறை சிரிக்காத வால்


ஜூன் 20

சரி. விழுந்தேன்.

மே கடைசியில். இறக்கம், வளைவு, மணல். யாரும் பார்க்கவில்லை. அறைத்தோழனுக்கு மட்டும் தெரியும், காலையில் அவன்தான் ஜெர்சியை மாட்டிவிடுகிறான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடும் எலும்பின் மேல் ஒரு மேடு இருக்கிறது. தொட்டால் வலி. மாத்திரை போட்டால் ஓட்ட முடிகிறது. வலது கையைக் கீழே நீட்டிப் பாட்டிலை உருவுவதுதான் முடியவில்லை. அதற்காகத்தான் இடப்பக்கம். வலது கை பேசாமல் ஹேண்டில்பார் மேல் கிடந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டரிடம் போனால் கோச்சுக்குத் தெரியும். கோச்சுக்குத் தெரிந்தால் பந்தயம் இல்லை. அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான். ஒரு வருடம் நான் எந்த அணியிலும் இல்லாமல் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போவதை வீட்டில் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

உன்னை நம்பி எழுதவில்லை, வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். கூட்டோடு சேர்த்து ஏதாவது செய்துவைப்பாய், அல்லது கோச்சுக்கு மொட்டைக் கடுதாசி போடுவாய் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இதில் விளையாடினால் எனக்குத் தங்கையே இல்லை.

கூட்டை அனுப்பு.


ஜூன் 23

அண்ணா,

இத்துடன் கூடுகள். நிஜக் கார்பன், இரண்டும் இடப்பக்கம் திறப்பவை. தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மாட்டித் தலைகீழாக ஆட்டிப் பார்த்தேன். கூடு விட்டுக் கூடு பாயும் என்று மாமா ஒதுங்கி நின்றார், பாயவில்லை. கோச்சுக்கு நான் எதுவும் எழுதவில்லை. பார்சலில் வாத்து, பீப்பி, பாம்பு எதுவும் இல்லை. தேடிக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அனுப்பும் முன், வீட்டில் கிடக்கும் உன் பழைய வண்டியில் மாமா இந்தக் கூட்டை மாட்டிக் கொடுத்தார், தெருவில் ஓட்டிப் பார்த்தேன். இடது கையால் பாட்டிலை உருவினேன், நன்றாக வந்தது. வாயருகே கொண்டுபோனபோது தெருவில் அந்தத் தோண்டிப்போட்ட பள்ளம். குலுக்கல் வலது மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் நிற்காமல், நேரே தோளில் போய் உட்கார்ந்தது. நான் குப்பைத் தொட்டியில் போய் உட்கார்ந்தேன்.

புரிகிறதா? இடது கை தண்ணீர் குடிக்கப் போனால் வண்டியை யார் பிடிப்பார்கள்? நீ ஓய்வு கொடுக்கிறேன் என்று சொல்லும் அதே வலக்கைதான், தன்னந்தனியாக, ஜல்லியில், முழு வேகத்தில். நோயாளியைப் படுக்கவைக்கிறேன் என்று சொல்லி அவன் தலையில் மூட்டையை ஏற்றுகிறாய். எனக்கு நல்ல தோள், அதுவே அதிர்ந்துபோயிற்று. உனக்கு?

முகாம் மைதானத்தில், சமதரையில், மெதுவாக, மாத்திரை போடாமல் ஒருமுறை ஓட்டிப் பார். வலக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு வாய் குடி. குடிக்க முடிந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன், பந்தயத்துக்குப் போ. முடியாவிட்டால் நீயே கோச்சிடம் போ. மாமா கார்பனைப் பற்றிச் சொன்னது எனக்கு என்னவோ உன்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருக்கிறது.

ஒரு பந்தயம் போனால் தோல்வி. தோளே போனால்?

உன் தங்கை (இருந்தால்)


ஜூன் 26

வாலுக்கு,

பார்சலை நானும் அறைத்தோழனும் ஒரு மணி நேரம் சோதித்தோம். கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், முகர்ந்தோம், தண்ணீரில் போட்டோம், ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் உருட்டினோம். அட்டைப் பெட்டியைக் கிழித்து உள்ளேயும் பார்த்தோம். எதுவும் இல்லை. "உன் தங்கச்சி ஒண்ணுமே பண்ணலைடா" என்றான் அவன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மைதானத்துக்குப் போனேன். மாத்திரை போடவில்லை. பாட்டில் இடது கைக்குச் சுலபமாக வந்தது, நல்ல கூடு. ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய்க்கு வலது கை நடுங்க ஆரம்பித்து, ஹேண்டில்பார் தானாகத் திரும்பியது. காலை ஊன்றிவிட்டேன். விழவில்லை. சமதரையில், நடைவேகத்தில்.

பிறகு கோச்சிடம் போனேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்றார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். இன்னொரு அடி பட்டிருந்தால் இரண்டாகியிருக்கும் என்றார் டாக்டர். கை இப்போது கழுத்தில் கட்டிய தூளியில் தொங்குகிறது. பட்டியலில் என் பெயருக்கு மேல் கோடு போட்டாயிற்று. மறைத்ததற்குத் தண்டனையாக, ஊருக்குக் கிளம்பும்வரை எல்லாருடைய பாட்டில்களையும் ஒற்றைக் கையால் கழுவுகிறேன்.

"உன் வீட்டுக்கு நீயே சொல்லு. நான் சொன்னா நீ என்னைக்கு விழுந்தேன்னு சேர்த்துச் சொல்லிடுவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். எப்போது என்று அப்பா கேட்டால் என்ன சொல்வது? பந்தயம் போனது போகட்டும். வண்டியும் போனால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அண்ணன்


ஜூன் 30

அண்ணா,

நீ அந்தப் பக்கத்தில் கேட்டது பாதி. இந்தப் பக்கத்தில் நடந்தது இது.

அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "விழுந்துட்டேன்மா, எலும்புல விரிசல்" என்று நீ சொன்னதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா செய்தித்தாளை மடித்தார். நான்காக மடித்தார்.

"என்னைக்கு விழுந்தே?"

நீ இரண்டு முறை இருமினாய். அப்பாவின் முகத்தில் நிதானம் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இரு இரு. போன வாரம்தானே நீ கூடு அனுப்பினே? அதுல என்னடி பண்ணி வெச்சே?"

அண்ணா, எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு பார்சலை ஒழுங்காகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவரும் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெய் தடவினேன்" என்றேன்.

"என்னது?"

"கூட்டுக்குள்ள. பாட்டில் வழுக்கி விழட்டும்னு. சும்மா வெளாட்டுக்குப்பா. அது சக்கரத்துல போய் மாட்டும்னு நான் நெனைக்கல."

"இல்லப்பா, அவ வந்து..." என்று நீ ஆரம்பித்தாய். இணைப்பு துண்டாகிவிட்டது. என் விரல் தவறிப் பட்டுவிட்டது. தவறாமல் பட்டது என்றும் சொல்லலாம்.

அப்பா என்னோடு பேசுவதில்லை. என் செல்போன் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது, நாம் இரண்டு பேரும் இப்போது ஒரே கட்சி. எதிர்வீட்டுக்காரர்கூட, "எண்ணெயெல்லாம் ரொம்ப அதிகம்மா" என்கிறார். இந்த வீட்டில் நான் சொன்னதை ஒருவரும் மறுபேச்சில்லாமல் நம்பியதில்லை. முதன்முதலாக நம்பியிருக்கிறார்கள், அதுவும் பொய்யை.

உன் வண்டியை விற்கும் பேச்சே எழவில்லை. "பாவம் புள்ளை, உடனே போன் பண்ணிச் சொல்லிட்டான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

இனி என் பெயருக்கு வரும் கடிதத்தையெல்லாம் அம்மா பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவாளாம். இதைக் கடைக்கார மாமா மூலம் தபாலில் போடுகிறேன். அதனால் தயவுசெய்து நன்றி, கின்றி என்று எழுதித் தொலைக்காதே. திட்டு. அம்மா படித்தால் நம்புகிற மாதிரி, வயிறு நிறையத் திட்டு.

எண்ணெய் வியாபாரி


ஜூலை 3

வீட்டில் வளரும் பிசாசுக்கு,

இதை அம்மா படிப்பாள் என்று தெரியும். படிக்கட்டும்.

நீ செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். செய்துவிட்டு நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் போனை வைத்தாய் பார், அந்தத் திமிரையும் மறக்கமாட்டேன். உன்னை மாதிரி ஒருத்தியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் அறைத்தோழனிடம் சொன்னேன், அவனுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், "எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கலையே" என்றான். அவனுக்கென்ன தெரியும்?

அந்தக் கூடுகளை யாருக்கும் கொடுக்கமாட்டேன். வண்டியிலேயே இருக்கும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உன் புத்தி என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வருகிறேன். வந்ததும் உனக்கு இருக்கிறது. இப்போதைக்கு ஒரு கையால் முடிந்தது, கை சரியானதும் இரண்டு கையாலும். நீ தப்பித்துவிட்டதாக நினைக்காதே, என்னிடமிருந்து யாரும் உன்னைக் காப்பாற்ற முடியாது. யார் என்ன தப்புச் செய்தார்கள், என்றைக்குச் செய்தார்கள் என்பதை அப்பா முன்னால் நின்று, ஒன்று விடாமல், என் வாயால் நானே சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு வண்டியை அவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

அதுவரை நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறையாவது நான் சொல்வதைக் கேள்.

உன்னிடம் வசமாக மாட்டிக்கொண்ட
அண்ணன்